இரண்டு பிஸ்டனும் ஒரு ரவிக்கைத் துணியும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்தும், மகன் சின்னவனாக இருந்தபோது லீவு லெட்டரும்தான். இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறெங்கோ போய் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்குக் கூச்சம். பேப்பர் உங்க மூஞ்சியவா பாக்கப் போவுது என்று மருமகள் சொன்னாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இது எங்கள் வீட்டு இன்ஜினைப் பற்றியது. படகுக்குப் பின்னால் மாட்டுகிற இன்ஜின். கடல் இல்லாத ஊரில் அது எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தெருவிலும் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

நாங்கள் கடலோரக் குப்பத்துக்காரர்கள். மகனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை நிரந்தரமானதும், படப்பைக்கு இந்தப் பக்கம் ஒரு மனை வாங்கி வீடு கட்டினான். எங்களையும் கூட்டிக்கொண்டான். என் வீட்டுக்காரர் படகைக் கொடுத்தார், வலையைக் கொடுத்தார், இன்ஜினை மட்டும் கொடுக்கவில்லை. மினி லாரியில் பீரோவுக்கும் அடுப்புக்கும் நடுவே மெத்தை போட்டு அதைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். நான் டிரைவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு வந்தேன். இன்ஜின்தான் சொகுசாக வந்தது.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகு மணலில் கிடக்கும், இன்ஜின் மட்டும் ஆம்பிளை தோளில் ஏறி வீட்டுக்கு வரும். வந்ததும் அதைக் கழுவுவது பொம்பளை வேலை. நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் இன்ஜினுக்கு ஒரு குடம் எடுத்து வைத்திருப்போம். உப்பை அப்படியே விட்டால் உள்ளே போய் அரித்துவிடும். அதனால் அந்த இன்ஜினில் எந்த மூலையில் எந்த போல்ட் இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும். ஆனால் அது ஓடுகிற படகில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எங்கள் பக்கத்தில் மீன் பிடிக்கிற படகில் பொம்பளைகள் ஏறுவதில்லை. யாரும் அடிக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

இங்கே வந்த பிறகு அவருக்கு ஒரு வேலையும் இல்லை. காலையில் எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போவார். கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும், போகும். எந்தக் கலர் பஸ் எந்தக் கம்பெனிக்கு, எந்த ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு என்றெல்லாம் அவருக்குத் தெரியும். வேலை பார்க்கிற மகனுக்கே அவ்வளவு தெரியாது. வீட்டுக்கு வந்தால் பேச்சு இல்லை. நானும் வாயாடி இல்லை. சாப்பிட்டாயா, ம். தூங்கவில்லையா, ம். இப்படியே ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்து உட்கார்ந்தால் வாய் ஓயாது அவருக்கு. காற்று எப்படி அடித்தது, எவன் வலை அறுந்தது, யார் யாரை என்ன கேட்டார்கள், அத்தனையும் நான் இன்ஜின் கழுவிக்கொண்டே கேட்பேன். அந்தப் பேச்சு நின்றுபோனதுதான் எனக்குப் பெரிய குறை. யாரிடம் சொல்வது.

எங்கள் மனைகளுக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தது. மீன் குத்தகை எடுத்தவர் அதை வாரிக் கரைசேர்க்க ஆள் வைத்திருந்தார். தெர்மாகோல் மேல் உட்கார்ந்து கையால் தள்ளினால் எத்தனை வருஷம் ஆகும் அந்த வேலை. ஒரு வெள்ளத்தின்போது யாரோ கொண்டுவந்த ஃபைபர் படகு ஒன்று ஏரிக்கரையில் கவிழ்ந்து கிடந்தது. படகு இருந்தது, இன்ஜின் இல்லை. டீக்கடையில் என் வீட்டுக்காரரிடம் இன்ஜின் இருப்பது தெரிந்ததும் அந்தக் குத்தகைக்காரர் கேட்டுவிட்டார். இன்ஜின் ஓடினால் ஓட்டுகிற வேலையும் இவருக்கே. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடவில்லை என்றால் வேறு இடத்தில் பார்த்துக்கொள்வார்.

அன்று இவர் வீட்டுக்கு வந்த நடையே வேறு. "அடியே, இன்ஜின் மேல கீற அந்தச் சாக்கை எடு" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்து அவர் சொன்ன முழு வாக்கியம் அது.

பழைய கட்டிலின் தலைப்பலகையைச் சுவரோடு நிறுத்தி அதில் இன்ஜினை மாட்டினார். கீழே தண்ணீர் பிடிக்கிற நீல டிரம். கயிற்றை இழுத்தார். இழுத்து இழுத்துத் தோள் வலி எடுத்ததுதான் மிச்சம், அது ஒரு இருமல் கூட இருமவில்லை. தெருமுனையில் பைக் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டு வந்தார். நல்ல மனுஷன். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தான்.

அவன் கையில் கடிகாரம் மாதிரி ஒரு கேஜ் இருந்தது. இன்ஜினுக்குள் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பிஸ்டன். அது ஒவ்வொன்றும் காற்றை எவ்வளவு இறுக்கி அமுக்குகிறது என்று அந்த முள் காட்டும். அதைத்தான் கம்ப்ரஷன் என்கிறார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கேஜை முடுக்கி, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரைக்கும் கயிற்றை இழுக்க வேண்டும். கழற்றிய பிளக் வயரை இன்ஜின் உடம்பைத் தொட்டபடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நெருப்புப் பொறி தாவும். இதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டது.

மேலேயும் நாற்பதில் நின்றது. கீழேயும் நாற்பதில் நின்றது.

"பெரியவரே, ரெண்டுலயும் ரிங்கு போய்ட்ச்சு. இதுல எதையும் போடாத. தண்டம்" என்றான்.

இவர் கேஜைத் தன் லுங்கியில் துடைத்து அவன் கையில் கொடுத்தார். அவன் போன பிறகு இன்ஜின் மேல் சாக்கைப் போட்டு மூடினார். காயலான் கடை வண்டி நம்ம தெருவுக்கு என்றைக்கு வரும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னேன்.

சாயந்திரம் மருமகள் ஷிப்டு முடிந்து வந்தாள். அவளும் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்க்கிறவள். தென்பக்கத்துப் பெண். வாய் கொஞ்சம் அதிகம், மனசு அதைவிட அதிகம். பையைக் கூட இறக்கவில்லை.

"என்னத்தே, இன்ஜினுக்குக் கோடித்துணி போட்டாப்புல கெடக்கு? மாமா மொகமும் சரியில்ல."

நான் நடந்ததைச் சொன்னேன். நாற்பது, நாற்பது என்று சொன்னபோது அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"ரெண்டும் ஒண்ணு போலயா?"

ஆமாம் என்றேன். எங்கள் லைனில் இரண்டு பீஸ் ஒரே அளவுக்குக் குறைந்தால் பீஸைத் தூக்கிப் போட மாட்டார்கள் அத்தே, அளந்த விதத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றாள். அப்படியே ஒற்றை ஷூவோடு மெக்கானிக் கடைக்குப் போய் கேஜை வாங்கிவந்து தன் ஸ்கூட்டியில் மாட்டிப் பார்த்தாள். முள் சரியாக ஏறியது. கேஜ் மேல் குற்றமில்லை.

இவர் திரும்பிப் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார் போல. எழுந்து வந்தார். "ரெண்டும் இன்னா ரெட்டப் புள்ளையா, ஒரே நாள்ல சாவறதுக்கு" என்றார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்தது.

மருமகள் அவரிடம் கைப்பிடியைத் திறந்து வைத்து இழுத்தீர்களா என்று கேட்டாள். அந்தக் கைப்பிடிதான் ஆக்ஸிலேட்டர், அதை முழுக்கத் திறந்து வைத்துத்தான் கம்ப்ரஷன் பார்க்க வேண்டுமாம். மூடி வைத்தால் காற்று உள்ளே வராது, வராத காற்றை எதை வைத்து அமுக்கும். பைக்கில் அந்த மெக்கானிக் அதைச் சரியாகத்தான் செய்வான். இந்த இன்ஜினின் கைப்பிடி எந்தப் பக்கம் திறக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும். இவராவது சொல்லியிருக்கலாம். இவருக்கு அன்றைக்கு முள்ளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

முழுக்கத் திறந்து வைத்து மருமகளே இழுத்தாள். நாற்பத்தைந்து.

அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அவள் விடவில்லை. காற்று எந்த வழியாக உள்ளே போகிறது என்று கேட்டாள். இவர் மூடியைக் கழற்றி முன்பக்கத்தைக் காட்டினார். போன் லைட்டை அடித்துக் குனிந்து பார்த்தவள், "அத்தே, இதுக்குள்ள என்னமோ செவப்பா அடைச்சுக் கெடக்கே" என்றாள்.

அவள் இழுத்து எடுப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாதா திருவிழாவுக்கு ஒரு வருஷம் தைத்த ரவிக்கை. கை கிழிந்து கரித்துணியானது. அதுதான் இன்ஜின் வாயில் இருந்தது.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகாமல் இன்ஜின் சும்மா கிடக்கிற காலம் வந்தால், மணல் போகாமலும் குளவி கூடு கட்டாமலும் காற்று இழுக்கிற வாயில் துணி அடைத்து வைப்போம். குப்பம் முழுக்க அதே வழக்கம். மறுபடி கடலுக்குப் போகிற நாளன்று ஆம்பிளைகள் செய்கிற முதல் வேலை அந்தத் துணியை உருவுவது. யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. கரையில் நூறு பேர் உருவும்போது நாமும் உருவுவோம். இங்கே படப்பையில் எந்த நாளைக்குக் கடல் திறக்கும்? யார் உருவுவதைப் பார்த்து நாங்கள் உருவுவது? துணி உள்ளேயே இருந்துவிட்டது.

"நீதானே அடைச்சே" என்றார் இவர்.

"நீங்கதான் அடைச்சீங்க. நான் துணியக் குடுத்தேன்."

"குடுத்தவ உருவியிருக்கணும் இல்ல?"

"அடைச்சவர் கையா, குடுத்தவ கையா?"

மருமகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு சத்தமாக நாங்கள் பேசி அவள் கேட்டதே இல்லை. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இன்றைக்கு வரைக்கும் சோறு போடும்போது அதை எடுப்பார், நானும் விட மாட்டேன்.

துணியை எடுத்த பிறகு மறுபடி பார்த்தோம். மேலே தொண்ணூறு. முள் போய் நின்றதும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கீழே எழுபது. அந்த முகம் திரும்பக் கொஞ்சம் இறங்கியது. ஒன்றுக்கொன்று இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாதாம்.

மறுநாள் காலையில் மெக்கானிக் தானே வந்தான். துணிக் கதை அவன் காதுக்குப் போயிருந்தது. அந்த ரவிக்கைத் துணியைக் கொடியில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"இன்னா ஆயா, உசுரோட கீற மனுஷனுக்கு மூக்குல பஞ்ச வெச்சுட்டு, மூச்சு இல்லன்னு என் வாயால சொல்ல வெச்சுட்டியே."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

அவன் கீழ் பிஸ்டன் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தான். முள் எழுபதைத் தாண்டிப் போனது. அது நல்ல சேதி என்றான். ஆயில் போய் இடுக்கை அடைத்ததும் அளவு ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கில்தான் குறை. இந்த இன்ஜின் காலமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடினது. மண்ணெண்ணெய் கரியாகப் பிடித்து ரிங்கை ஒட்டவைத்திருக்கும். தேயவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றான். கரி கரைக்கிற மருந்தை உள்ளே ஊற்றி ஊற வைத்தான். தோசைக்கு உளுந்து ஊறுகிற மாதிரி அது பாட்டுக்கு ஊறியது. இவர் போகும்போதும் வரும்போதும் கயிற்றை மெதுவாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனார், மருந்து எல்லாப் பக்கமும் போக வேண்டுமென்று.

அதற்குள் மற்ற வேலைகள். கீழே கியர் ஆயிலைத் திறந்தால் மோர் மாதிரி வெள்ளையாக வந்தது. தண்ணீர் உள்ளே போகிறதென்று அர்த்தம். ரப்பர் சீல் மாற்றிப் புது ஆயில் விட்டார்கள். தண்ணீர் இழுக்கிற ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் காய்ந்து போயிருந்தன. அதையும் மாற்றினார்கள். அது இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் சூடேறி அதோடு முடிந்ததாம். பிளக் புதுசு. நான் பழைய டூத் பிரஷை வைத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். ஒரு இடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. இத்தனை வருஷம் நான் கழுவியும் எனக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. கோபம்தான் வந்தது.

சனிக்கிழமை மருந்தை வடித்துவிட்டு அளந்தார்கள். கீழ் பிஸ்டன் எண்பத்தைந்து காட்டியது. இது போதும், எண்பத்தைந்தும் தொண்ணூறும் அண்ணன் தம்பி என்றான் மெக்கானிக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, டிரம்மில் தண்ணீர் ரொப்பி, இவரே கயிற்றைப் பிடித்தார். தோள் வலிக்குமே என்று நான் வாய் திறப்பதற்குள் இழுத்துவிட்டார். முதலில் இருமியது. அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் இருக்கிறதே. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே படிந்திருந்த கரி கரைந்து வெள்ளைப் புகையாக வந்து மூன்று வீட்டுத் துணியை நாறடித்தது. நைட் ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மகன், யார் வீட்டு ஜெனரேட்டர் வெடிக்கிறது என்று கேட்டுக்கொண்டு லுங்கியோடு ஓடிவந்தான். இவர் அவனைப் பார்க்கவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சரியாக உள்ளே சுற்றி வந்தால், இன்ஜின் விலாவில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக நூல் மாதிரி வெளியே பீச்சும். அதற்குக் குப்பத்தில் ஒரு பேச்சு உண்டு. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

"ஒண்ணுக்குப் போவுது! நல்லாவே போவுதுடா!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என்ன புரிந்ததோ, எல்லாரும் அவர் காலைத்தான் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டு நேராக ஏரிக்குப் போனோம். இன்ஜினை மருமகள் ஸ்கூட்டியில் நடுவில் வைத்து, மகன் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். குத்தகைக்காரர் கரையில் காத்திருந்தார். படகின் பின்னால் இன்ஜினை மாட்டியதும் இவர் கொஞ்ச நேரம் மெதுவாகவே ஓட விட்டார். சூடு ஏறுவதற்கு முன்னால் முறுக்கினால் ரிங்குக்கு ஆகாது. பிறகு ஆகாயத்தாமரையில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, பாதி வேகத்திலேயே வைத்துக்கொண்டு இழுத்தார். தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியில் வேர் சிக்காமல் ஒதுங்கி ஒதுங்கிப் போனார். ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்குப் பச்சை அப்படியே பெயர்ந்து பின்னாலேயே வந்தது. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

குத்தகைக்காரர் தண்ணீர் ஓரத்துக்கு வந்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துருங்க பெரியவரே. டீ இங்கயே சொல்லிர்றேன்" என்றார்.

நான் மரத்தடியில் நின்று அதைக் கேட்டேன். கண் கலங்கினதை மருமகள் பார்த்துவிட்டாள், ஆனால் பார்க்காத மாதிரி இருந்தாள்.

இவர் படகைக் கரையோடு ஒட்டினார். கயிற்றை அவிழ்த்துவிட்டு இறங்குவார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வா. ஏறு."

"நானா? பொம்பள ஏறலாமா?"

"இது இன்னா கடலா? தண்ணி லாரிக்காரன் வந்து மொண்டுகினு போற ஏரி. ஏறுடி."

இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று எனக்குக் கால் வரவில்லை. மருமகள் பின்னாலிருந்து இடுப்பில் ஒரு தள்ளு தள்ளினாள். ஏறிவிட்டேன். படகு ஆடியதும் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது கரை தூரத்தில் இருந்தது. கம்பெனி ஷெட்டுகள் நீலமாக, நீளமாகத் தெரிந்தன. தண்ணீரிலும் அதே ஷெட்டுகள் நெளிந்தன.

என் வாழ்நாள் முழுக்க அந்த இன்ஜின் சத்தத்தைக் கரையிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். விடியும்போது போகும், தேய்ந்துகொண்டே போகும். திரும்பி வரும்போது அது நம் இன்ஜினா, அடுத்தவர் இன்ஜினா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அன்றைக்கு அது எங்கேயும் போகவில்லை. என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. சத்தத்துக்கு மேல் சத்தமாக இவர் பேசிக்கொண்டே வந்தார். எந்தப் பக்கம் ஆழம், எங்கே கொக்கு இறங்குகிறது, குத்தகைக்காரருக்குப் படகு ஓட்டத் தெரியவில்லை, டீக்கடையில் எவன் என்ன கேட்டான். ஒன்றுமே விடாமல் சொன்னார். எனக்குப் பாதி கேட்கவில்லை. ம் ம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து இன்ஜினைக் கழுவ உட்கார்ந்தேன். ஏரித் தண்ணி நல்ல தண்ணிதானே, எதுக்குக் கழுவுறே என்றார். இருக்கட்டும், நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை மிச்சமும் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

இப்போதும் அந்தத் துணியைத்தான் வாயில் அடைக்கிறோம். ஆனால் ஒரு முனை வெளியே நாக்கு மாதிரி தொங்க வேண்டும் என்று மருமகளின் உத்தரவு.

எழுதி முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் இன்ஜின் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள். தொண்ணூறு மேலேயா கீழேயா, ஆயில் ஒரு ஸ்பூனா இரண்டா, எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அந்த மருந்தின் பேரும் மறந்துபோனது. என் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவர் நேராகத் துணியை அடைத்தது யார் என்பதில் ஆரம்பிப்பார்.